கலாநிதி ஈடித் ஈகரும் நான் எழுதிய ஒரு தலைப்பும்

2018 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்திருந்த எனது தங்கையின் மகள், பயணப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"இத ஒருக்கா வாசிங்க மாமா. ஊர்ல நடந்த எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினீங்கதானே, உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா?" என்று கேட்டாள்.

பத்திரிகைக்காரனிடம் இப்படிக் கேட்பவர்கள் குறைவு. எங்கே போனீர்கள், எத்தனை பேர் இறந்தார்கள், யார் செய்தார்கள் என்றுதான் கேட்பார்கள். நான் வழக்கம்போலச் சிரித்து மழுப்பிவிட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

'த சொய்ஸ்' என்பது அந்த நூலின் பெயர். தமிழில் 'தெரிவு' எனலாம். எழுதியவர் கலாநிதி ஈடித் ஈவா ஈகர் என்னும் அமெரிக்க உளவியலாளர். 2017 இல் அது வெளிவந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது. அவரது முதல் நூலும் அதுவே. தொண்ணூறு வயதில் முதல் நூல் எழுதுபவர் எதையோ நீண்ட காலம் அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அட்டையைப் பார்த்தபோதே எனக்கு வந்தது. வாசித்து முடிக்க மூன்று இரவுகள் பிடித்தன. நான்காம் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இந்த அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரது தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் மனநோய் வைத்தியர், உளவியலாளர், உளவளத்துணையாளர் ஆகிய மூவரையும் பலர் ஒருவராகவே எண்ணுகின்றனர். முதலாமவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பவர். மருத்துவ உளவியலாளர் எனப்படுபவர் உளவியலில் உயர் பட்டம் பெற்று, மனத்துயரால் செயலிழந்தவர்களைப் பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் மீட்க முயல்பவர். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து கொடுப்பதில்லை. அவரது கருவிகள் இரண்டே: கேள்வி, செவி. தொண்ணூறுகளில் நான் கலைப் பட்டதாரி மாணவனாகப் பேராதனையில் இருந்தபோது, உளவியல் தத்துவத்துறையின் நிழலிலேதான் ஒதுங்கியிருந்தது. பிராய்டின் பெயரைச் சொல்லிப் பரீட்சையில் புள்ளிகள் வாங்கியதோடு எனக்கும் அந்தத் துறைக்குமான உறவு முடிந்துபோயிற்று.

ஈடித் 1927 செப்டெம்பரில் கொசிட்சே என்ற நகரில் பிறந்தவர். இன்று அது சுலோவாக்கியாவில் இருக்கிறது. அவர் பிறந்தபோது செக்கோசிலோவாக்கியாவில் இருந்தது. 1938 இல் ஹங்கேரியின் கைக்குப் போய் 'கஷ்ஷா' ஆயிற்று. வீட்டை விட்டு அசையாமலே நாடு மாறிய மக்கள் அவர்கள். தந்தை தையற்காரர். மூன்று பெண் பிள்ளைகளில் ஈடித் கடைக்குட்டி. மூத்தவள் மக்டா அழகி. நடுவில் பிறந்த கிளாரா வயலின் வாசிப்பதில் சிறுவயதிலேயே பேரெடுத்தவள். ஈடித்துக்குச் சிறுவயதில் மாறுகண். அழகு இல்லாவிட்டாலும் உனக்கு மூளை இருக்கிறது என்று தாய் ஆறுதல் சொன்னதை, ஏழு தசாப்தங்களுக்குப் பின்னும் வடுப்போல நினைவில் வைத்து எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பிள்ளை நடனத்திலும் ஜிம்னாஸ்டிக்கிலும் தேறி ஒலிம்பிக் பயிற்சிக் குழுவரை போனாள். யூதப் பெண் என்பதால் ஒருநாள் அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

1944 மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை வரையான எட்டு வாரங்களில் ஹங்கேரியிலிருந்து 4,30,000 க்கும் மேற்பட்ட யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸ் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு செங்கல் தொழிற்சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஈடித்தின் குடும்பமும் அந்த மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டது. கிளாரா மாத்திரம் புடாபெஸ்டில் இருந்தாள். அவளது இசை ஆசிரியர் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். பயண இருளில் தாய் மகளிடம் சொன்னதாக ஈடித் திரும்பத் திரும்ப நினைவுகூருவது ஒன்றுண்டு: உன் மனத்தில் நீ வைத்திருப்பதை எவராலும் பறிக்க முடியாது என்பதே அது.

முகாமின் வாசலில் மருத்துவர் ஜோசப் மெங்கலே நின்று கையை இடமும் வலமும் அசைத்து ஆட்களைப் பிரித்தான். தாய் ஒரு பக்கம் அனுப்பப்பட்டார். மக்டாவும் ஈடித்தும் மறுபக்கம். தாயை எப்போது பார்க்கலாம் என்று கேட்ட சிறுமிக்கு, அங்கிருந்த ஒரு காவற்கைதி புகைபோக்கியைச் சுட்டிக்காட்டி, உன் தாயைப் பற்றி இனி இறந்தகாலத்தில் பேசப் பழகு என்றாள். தந்தையும் மீளவில்லை.

அன்றிரவு மெங்கலே கைதிகளின் கொட்டிலுக்குப் பொழுதுபோக்குத் தேடி வந்தான். நடனம் ஆடத் தெரிந்தவள் என்று ஈடித்தை முன்னே தள்ளினார்கள். தாயைக் கொன்றவனின் முன்னால், 'நீல டான்யூப்' இசைக்கு அந்தப் பதினாறு வயதுப் பெண் ஆடினாள். கண்ணை மூடிக்கொண்டு புடாபெஸ்ட் ஒபரா மேடையில் ஆடுவதாக நினைத்துக்கொண்டாளாம். கூலியாக ஒரு ரொட்டி கிடைத்தது. அதைத் தனியே உண்ணாமல் கொட்டிலில் இருந்த பெண்களுடன் பங்கிட்டாள். மாதங்கள் கழித்து ஒரு மரண நடைப்பயணத்தில் ஈடித் நடக்கமுடியாமல் சரிந்தபோது, விழுந்தவர்களைச் சுடுவதே அங்கு வழக்கமாய் இருந்தபோது, அந்த ரொட்டியைத் தின்ற பெண்கள் தம் கைகளைக் கோத்து நாற்காலியாக்கி அவளைச் சுமந்தார்கள். நாவலில் யாராவது இப்படி எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டார் என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

1945 மே மாத ஆரம்பத்தில் ஒஸ்திரியாவின் குன்ஸ்கிர்கென் முகாமில் பிணங்களுக்கிடையே ஒரு கை அசைவதை ஓர் அமெரிக்கச் சிப்பாய் கண்டான். அந்தக் கைக்குரியவளின் முதுகெலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் மக்டாவும் உயிரோடு இருந்தாள்.

இந்த வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள், படங்களும் வந்துவிட்டன. என்னை ஈர்த்தது இதன் பிறகு நடந்ததே. முகாமிலிருந்து வெளியே வந்தவுடன் எவரும் உளவியலாளராகிவிடுவதில்லை. ஈடித் அங்கே போய்ச்சேர முப்பத்துமூன்று ஆண்டுகள் பிடித்தன.

1946 இல் பேலா ஈகர் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு மரியான் பிறந்தாள். செக்கோசிலோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகளின் கையோங்கியதும் குடும்பம் சொத்தைக் கைவிட்டு 1949 இல் அமெரிக்காவுக்கு ஓடியது. வசதியான குடும்பத்தின் மருமகள் பால்டிமோர் நகரத் தொழிற்சாலையொன்றில் சிறுவர் உள்ளாடைகளில் தொங்கும் நூல்களை வெட்டினார். டசினுக்கு ஏழு சதம் கூலி. புலம்பெயர்ந்த எம்மவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை. பரீஸ் உணவகங்களின் பின்கதவால் நுழைந்த பட்டதாரிகளை நான் அறிவேன்.

பால்டிமோரில் ஒருநாள் அவர் பஸ்ஸில் ஏறினார். ஐரோப்பாவில் ஆசனத்தில் அமர்ந்திருந்தால் நடத்துநர் வந்து காசு வாங்குவார். அமெரிக்காவில் ஏறும்போதே பெட்டியில் காசு போட வேண்டும். அது தெரியாமல் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். சாரதி காசைப் போடு, இல்லாவிட்டால் இறங்கு என்று சத்தமிட்டபடி எழுந்து வந்தான். அந்தச் சீருடையும் உரத்த குரலும் போதுமாயிருந்தன. ஈடித் பஸ்ஸின் தரையில் விழுந்து சுருண்டு நடுங்கி அழுதார். போர் முடிந்து நான்கைந்து வருடங்களாகியும், அவரது உடலுக்கு அது முடிந்த செய்தி போய்ச் சேரவில்லை. 2009 க்குப் பிறகு வெடிச்சத்தம் கேட்டால், அது தீபாவளிப் பட்டாசேயானாலும், கட்டிலின் கீழே புகும் பிள்ளைகளை வன்னியில் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எங்கள் உளவியலாளர்கள் 'மனவடு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லைப் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர் தேர்ந்த மருந்து மௌனம். பிள்ளைகளிடம் எதையும் சொல்லவில்லை. மரியானுக்குப் பத்து வயதளவில், ஒரு வரலாற்று நூலில் எலும்பும் தோலுமான பிணங்களின் படத்தைக் கண்டு இது என்ன என்று கேட்டாள். தாய் குளியலறைக்குள் ஓடிவிட்டார். உன் அம்மா அங்கே இருந்தார் என்று தந்தைதான் சொல்ல வேண்டியிருந்தது.

குடும்பம் ரெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் குடியேறியது. மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஈடித் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கினார். 1966 அளவில் சக மாணவர் ஒருவர் விக்டர் பிராங்கிளின் நூலொன்றை அவர் கையில் திணித்தார். வியன்னாவின் உளமருத்துவரான பிராங்கிளும் அவுஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். 'வாழ்வின் பொருள் தேடல்' பற்றிய அவரது நூல் உலகறிந்தது. இதையெல்லாம் நான் ஏன் வாசிக்க வேண்டும், நான் அங்கேயே இருந்தவள்தானே என்பதே ஈடித்தின் முதல் எண்ணம். பின் ஓர் இரவில் திறந்தார். தான் இருபது வருடமாகப் பூட்டி வைத்திருந்த இடத்துக்குள் இன்னொருவர் விளக்கோடு போய்வந்திருப்பதைக் கண்டார். 'விக்டர் பிராங்கிளும் நானும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அது எப்படியோ பிராங்கிளின் கைக்கே போய்ச் சேர, அவர் கடிதம் எழுதினார். அந்த நட்பு பல்லாண்டுகள் நீடித்தது.

1969 இல் உளவியலில் பட்டம் பெற்றார். அதே காலத்தில் கணவரை விவாகரத்துச் செய்தார். இரண்டு வருடங்களின் பின் அதே மனிதரை மீண்டும் மணந்தார். தனது அடைபட்ட உணர்வுக்குக் கணவரே காரணம் என்று நினைத்ததாகவும், அவரைப் பிரிந்த பின்னும் அந்தச் சிறை அப்படியே இருந்ததாகவும் ஒளிக்காமல் எழுதுகிறார். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்குமாறு ஒருவர் தூண்டியபோது, அதை முடிக்கும்போது எனக்கு ஐம்பது வயதாகிவிடுமே என்று தயங்கினார். படிக்காவிட்டாலும் ஐம்பது ஆகத்தானே போகிறது என்று பதில் வந்தது. 1978 இல் பட்டம் கிடைத்தபோது வயது ஐம்பது. அந்த வயதைக் கடந்துவிட்ட நான், இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் எல் பாசோவின் இராணுவ வைத்தியசாலையில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களிடம் அவரை அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்த இருவரை அவர் அங்கே சந்தித்தார். ஒரே விதமான காயம். ஒரே விதமான எதிர்காலம். ஒருவன் கருவிலுள்ள குழந்தைபோலச் சுருண்டு கிடந்து கடவுளையும் நாட்டையும் சபித்தான். மற்றவன் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, இப்பொழுது பூக்கள் எனக்குக் கிட்டத்தில் தெரிகின்றன என்றான். தான் அந்த இருவரும்தான் என்பதை உணர்ந்ததாக ஈடித் எழுதுகிறார். வெள்ளை மேலங்கியில் 'கலாநிதி' என்று எழுதப்பட்டிருக்க, உள்ளே தான் ஒரு போலி என்ற கூச்சமும் அன்று அவருக்கு எழுந்தது. நோயாளியை எங்கே போகச் சொல்கிறோமோ அங்கே வைத்தியரே போனதில்லையே என்ற கூச்சம் அது.

அவரது தொழில் அனுபவங்களில் இன்னொன்றை நான் பல பத்திரிகை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு காலையில் அடுத்தடுத்து இரண்டு பெண்கள் வந்தார்கள். முதலாமவரின் மகள் இரத்தம் உறையாத நோயால் இறந்துகொண்டிருந்தாள். அந்தத் தாய் மணிக்கணக்காக அழுதார். அடுத்து வந்தவர் வசதி படைத்தவர், அவரும் அழுதார். காரணம், புதிதாக வந்திறங்கிய கடிலக் கார் தான் கேட்ட மஞ்சள் நிறமல்ல, வேறு மஞ்சள். எவருக்கும் எரிச்சல் வரும். ஈடித்துக்கு வரவில்லை. அந்த மஞ்சளின் பின்னால் சரியாக அமையாத ஒரு மணவாழ்வும், தனிமையும், கைகூடாத பல ஆசைகளும் இருப்பதை அவர் கண்டார். துன்பத்துக்குத் தராசு இல்லை என்பது அவரது உறுதியான நிலைப்பாடு. அவுஷ்விட்ஸிலிருந்து வந்த ஒருவர் இதைச் சொல்லும்போது மறுப்பதற்கு நமக்கு எந்தத் தகுதியும் இல்லாமல் போகிறது. நாங்களோ முப்பது வருடமாகத் துயரை எண்ணிக்கையால் நிறுத்துப் பார்த்தவர்கள். மூவர் என்றால் உட்பக்கம், முப்பது பேர் என்றால் முதற்பக்கம்.

நீதிமன்றம் அனுப்பிவைத்த பதினான்கு வயதுப் பையனின் கதையும் உண்டு. அவன் மண்ணிற பூட்ஸ் காலோடு வந்து மேசையில் முழங்கையை ஊன்றி, யூதர்களையும் கறுப்பர்களையும் கொன்று அமெரிக்காவை மீண்டும் வெள்ளையாக்க வேண்டும் என்றான். எதிரே இருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவனது தலையைப் பிடித்து உலுக்கி, என் தாய் எப்படிச் செத்தாள் தெரியுமா என்று கத்தவே தனக்கு மனம் வந்ததாக ஈடித் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தன்னுள்ளும் ஒரு வெறியர் இருப்பதைத் தேடிக் கண்டுகொண்டு, இன்னும் சொல்லு என்று மட்டும் கேட்டார். அந்தப் பையன் கைவிடப்பட்ட பிள்ளை என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. நான் எத்தனையோ பேட்டிகள் எடுத்திருக்கிறேன். 'இன்னும் சொல்லுங்கள்' என்பதை அடுத்த கேள்வியை யோசிப்பதற்கான அவகாசமாகவே பயன்படுத்தியிருக்கிறேன்.

ஈடித்தின் நோக்கைச் சுருக்கினால், எங்களுக்கு நடப்பதை நாங்கள் தெரிவு செய்வதில்லை, நடந்ததோடு எப்படி வாழ்வது என்பதைத் தெரிவு செய்யலாம் என்று வரும். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. துன்பப்பட்டவரே தன்னைப்பற்றிச் சொல்லும்போது இது விடுதலை. துன்பம் தந்தவரோ, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரோ சொன்னால் அது கொடுமை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்தார்கள். பழையதை மறந்து முன்னே போங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொன்னவர்களுக்குக் குறைவிருக்கவில்லை. பதில் கிடைக்காதவளிடம் எதைத் தெரிவு செய் என்பது? ஈடித்துக்குப் புகைபோக்கியைக் காட்டவாவது ஒருத்தி இருந்தாள். இந்தத் தாய்மாருக்கு அதுவும் இல்லை. ஆனால் அம்மையாருக்கு நான் நியாயம் செய்யவேண்டும். ஆத்திரப்படாமல் மன்னிப்பு இல்லை என்று, 2020 இல் வந்த தனது இரண்டாவது நூலில் அவர் அழுத்தமாகவே எழுதுகிறார். அவர் சொல்லும் மன்னிப்பு, குற்றவாளிக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அல்ல.

இனி, எனக்கு உறக்கம் வராமற்போன பகுதி.

1980 இல் ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடனில் அமெரிக்க இராணுவத்தின் மதகுருமாருக்கு உரையாற்ற ஈடித்துக்கு அழைப்பு வந்தது. ஹிட்லரின் மலை வாசஸ்தலம் இருந்த இடம் அது. போகமாட்டேன் என்றார். போகாவிட்டால் ஹிட்லர் வென்றதாகிவிடும் என்றார் கணவர். போனார். அங்கிருந்து அவுஷ்விட்ஸுக்கும் போக முடிவு செய்தார். மக்டாவை அழைத்தார், உனக்குப் பைத்தியமா என்று கேட்டு மக்டா மறுத்துவிட்டாள். ஈடித் முகாமின் வாசலில் மீண்டும் நின்றபோது, முப்பத்தாறு வருடங்களாகத் தனக்குத்தானே மறைத்த ஒரு கணம் திரும்பி வந்தது.

வரிசையில் அவரது தாயின் முகத்தில் சுருக்கமே இருக்கவில்லை. வயதைத் தீர்மானிக்க முடியாத மெங்கலே மகளிடம் கேட்டான்: இவள் உன் தாயா, சகோதரியா? 'தாய்' என்றாள் மகள். உண்மையைத்தான் சொன்னாள். உடனே தாய் மற்ற வரிசைக்கு அனுப்பப்பட்டாள். 'சகோதரி' என்று சொல்லியிருந்தால்? அந்த ஒரு சொல்லைச் சுற்றியே தனது வாழ்நாள் முழுவதும் ஓடியிருக்கிறது என்பதை ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் அந்த வாசலில் கண்டார். மெங்கலேயை மன்னிப்பது பற்றி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மன்னிக்க வேண்டியிருந்தவள் அந்தப் பதினாறு வயதுப் பெண். எதற்கான பதிலைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கேள்வியைக் கேட்டவனுக்கு மட்டுமே தெரியும்.

இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

2005 ஜனவரி முதல் வாரம். கடல்கோளில் இலங்கை முழுவதும் சுமார் 35,000 பேர் மாண்டிருந்தார்கள். மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து நாவலடிவரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவிலுள்ள நிலத்துண்டை அலை வழித்தெடுத்திருந்தது. திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சரிந்து நின்றது. நான் ஒரு பாடசாலை முகாமில் குறிப்புப் புத்தகத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து அலுவலகம் 'மனிதக் கதை' கேட்டிருந்தது.

ஒரு வகுப்பறை மூலையில் முப்பது வயதளவிலான பெண்ணொருவர் மடியில் ஒரு சிறுமியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயரை எழுதமாட்டேன். இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். இரண்டாவது அலை வந்தது. சின்னவன் போய்விட்டான்.

"எப்படி அக்கா கையை விட்டீங்க?" என்று கேட்டேன். அதைவிட மோசமான கேள்வியொன்றை என் முப்பது வருடத் தொழிலில் நான் கேட்டதில்லை.

"நான் விடல்ல தம்பி" என்றார் அவர். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாட்களின் பின் செய்தி வெளியானது. 'கையை விட்டேன், கடல் கொண்டுபோனது: தாயின் கதறல்' என்பது தலைப்பு. நான்கு பத்தித் தலைப்பு. நன்றாக வந்திருக்கிறது என்று ஆசிரியபீடத்திலிருந்து தொலைபேசியில் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து அதே முகாமுக்குப் போக நேர்ந்தது. அப்போது வெளிநாட்டு உளவளத்துணைக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில்களைக் கொடுத்துக் கடலை வரையச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார். சேலை முந்தானையில் பத்திரிகைத் துண்டு மடித்து முடியப்பட்டிருந்தது.

"நான் கைய விட்டன் எண்டு சொன்னனா தம்பி?"

"தலைப்பெல்லாம் கொழும்பிலதான் போடுறது அக்கா. எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் இது. பல சமயங்களில் உண்மையும்கூட. அன்று அது பொய். அந்தத் தலைப்பை வார்த்தைக்கு வார்த்தை நானே எழுதி அனுப்பியிருந்தேன். 'விடல்ல' என்பதில் தலைப்புக்கான எடுப்பு இல்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது.

பதின்மூன்று வருடங்களாக இதை நான் எவரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. ஆயிரக்கணக்கான தலைப்புகளில் ஒன்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஈடித்தின் வாசற் காட்சியை வாசித்தபோது, அந்தக் கதையில் எனக்குரிய இடம் எது என்று தேடினேன். ஈடித்தின் பக்கத்தில் நிற்க எனக்கு இடமில்லை. பதிலின் கனம் தெரியாமல் கேள்வி கேட்டவன் நான். நான் மெங்கலே அல்ல. அப்படி என்னை உயர்த்திக்கொள்வதும் ஒருவகை நாடகம்தான். ஆயினும் ஒரு தாய் தனக்குள்ளே ஆயிரம் முறை கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு, பொய்யான பதிலை அச்சிட்டு அவர் கையிலேயே கொடுத்தவன்.

டிசம்பர் 26 நினைவுநாள் கழிந்து இரண்டொரு நாட்களில், விசாரித்து விசாரித்துத் திராய்மடுவுக்குப் போனேன். நாவலடியிலிருந்து இடம்பெயர்ந்த பலருக்கு அங்கேதான் வீடுகள் கிடைத்திருந்தன. மருமகளும் கூட வந்தாள். படிப்புக்கு உதவும் என்று அவள் நினைத்திருக்கலாம்; நான் தடுக்கவில்லை. முற்றத்தில் முருங்கை மரம் நின்றது. அந்தப் பெண்ணின் தலை நரைத்திருந்தது. அன்று மடியில் இருந்த சிறுமி ஆசிரிய கலாசாலையில் படிப்பதாகச் சொன்னார். தேநீர் தந்தார். சுவரில் சின்னவனின் படம் இல்லை. கடல் படங்களையும் கொண்டுபோயிருந்தது.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேரே சொன்னேன்.

"அக்கா, அந்தத் தலைப்பு கொழும்பில போட்டதில்ல. நான்தான் எழுதினன்."

அவர் உடனே பேசவில்லை. என் மருமகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"தெரியும் தம்பி. கொழும்பில இருக்கிறவனுக்கு என்ட புள்ளைட கையப் பத்தி என்ன தெரியும்?"

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இன்னொரு கேள்வியைக் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. மருமகளும் எதுவும் கேட்கவில்லை. அவளை அந்தப் பல்கலைக்கழகம் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே பேசத் தொடங்கினார். அலை வந்தபோது மகனின் கையை மட்டுமல்ல, சட்டையையும் சேர்த்துப் பிடித்திருந்தாராம். வேலிக் கம்பியொன்று வந்து இருவருக்கும் நடுவில் அடித்திருக்கிறது. தன் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீண்ட வெள்ளைத் தழும்பு. தண்ணீர் வடிந்தபோது கையில் சட்டைத் துணி இருந்திருக்கிறது. 2005 இல் அந்தக் கையில் பெரிய கட்டுப் போட்டிருந்ததை நான் கண்டிருக்கத்தான் வேண்டும். என் குறிப்புகளில் அது இல்லை.

விடைபெறும்போது படலைவரை வந்தார்.

"இப்பவும் பேப்பர்லதான் வேலையா?"

"ஓம் அக்கா."

"அப்ப எப்பயாவது சரியா எழுதுங்க."

அந்தச் செய்தி வந்த பத்திரிகையில் நான் இப்போது இல்லை. இத்தனை வருடங்கள் கழித்து அங்கே திருத்தம் கேட்டால் சிரிப்பார்கள். வேறெங்காவது எழுதலாம் என்று பலமுறை தொடங்கி, பலமுறை விட்டேன். இன்று எழுதுகிறேன். 2005 ஜனவரியில் என்னால் எழுதப்பட்ட நாவலடித் தாய் ஒருவர் பற்றிய செய்தியின் தலைப்புப் பிழையானது. அவர் கையை விடவில்லை.